அந்த மாத்திரையைக் கொடுக்கலாமா?

(பண்ருட்டியில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாத்திரையும் எழுதிவிட்டார். சீட்டு கையில் இருக்கிறது. கொடுப்பதா, வேண்டாமா?

அந்தச் சீட்டை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுத் திரியும் அம்மாக்களை எனக்குத் தெரியும். வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியாமல் பாலில் கலக்கிக் கொடுப்பவர்களையும் தெரியும். இரண்டு பேருமே பிள்ளை மேல் உயிரை வைத்திருப்பவர்கள்தான். இவ்வளவு பெரிய முடிவை அவர்கள் தனியாக எடுக்கும்படி விட்டுவிட்டோமே என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது.

முதலில், எந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஓடுவதும் தாவுவதும் சேட்டை செய்வதும் பிள்ளைகளின் இயல்பு. ஐந்து வயதுப் பிள்ளை முக்கால் மணி நேரம் கையைக் கட்டி உட்காரவில்லை என்றால் குறை பிள்ளையிடம் இல்லை. ஏ.டி.எச்.டி. என்று சொல்ல மருத்துவத்தில் கறாரான விதிகள் இருக்கின்றன. கவனம் நிற்காமை, அடங்காத துடிப்பு, யோசிக்காமல் செய்துவிடுவது ஆகிய அறிகுறிகள் ஆறு மாதமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் என்று இல்லாமல் இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதனால் பிள்ளையின் வாழ்க்கை கெட்டுக்கொண்டிருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் அடங்காத பிள்ளை என்றால் நான் முதலில் பள்ளியைப் பற்றி விசாரிப்பேன்.

இது வெளிநாட்டு வியாதி, நம் ஊரில் ஏது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையிலான 770 பிள்ளைகளைப் பார்த்து எழுதிய ஆய்வு 2013-ல் இந்திய மனநல மருத்துவ இதழில் வந்தது. நூற்றுக்குப் பதினொரு பிள்ளைகளுக்கு மேல் இந்தக் குறைபாடு தென்பட்டதாக அதில் இருக்கிறது. உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படுவது நூற்றுக்கு ஐந்து. கோவைக் கணக்கு கூடுதலாகத் தெரிகிறது. பார்க்கும் முறை மாறினால் எண்ணிக்கையும் மாறும். எதை எடுத்துக்கொண்டாலும், நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேராவது இப்படி இருப்பார்கள். அந்த ஆய்வில் என்னை நிறுத்திய செய்தி இன்னொன்று. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் அது இரண்டு மடங்குக்கும் மேல் காணப்பட்டது. வைத்தியத்துக்கு அலைய முடியாத வீட்டில்தான் தேவை அதிகம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடித் திரியும் பையனை ஊரே பார்க்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருஷத்தைக் கழிக்கும் பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. தொந்தரவு தராத பிள்ளை ஆயிற்றே! அவளுக்கும் இதே குறைபாடு இருக்கலாம். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் சரிந்த பிறகுதான் கூட்டி வருகிறார்கள். அதற்குள் அவளே தன்னை மக்கு என்று முடிவு செய்துவிடுகிறாள்.

மாத்திரையைப் பற்றி யோசிக்கும் முன் வேறு காரணங்களைத் தேடியாக வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளை சொன்னதைச் செய்யாது. கண் தெரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்க்காது. சில வினாடிகள் பார்வை நிலைகுத்தி நின்று, பின் ஒன்றும் நடக்காதது போல எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு ஒரு வகை வலிப்பு இருக்கலாம். வகுப்பில் அதைக் கவனமின்மை என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். கவனத்தைக் குலைக்கும் இரத்தசோகையும் நம் பிள்ளைகளிடம் மிக அதிகம். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத கற்றல் குறைபாடு இருந்தால், புத்தகத்தைத் திறந்ததும் பிள்ளை நெளியத்தான் செய்யும். அப்புறம் தூக்கம். நெய்வேலியில் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்ட் வேலை பார்க்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து அப்பா இரவு வீடு திரும்பும் வரை பிள்ளை விழித்திருக்கும். அவரோடு விளையாடாமல் தூங்காது. காலையில் ஏழு மணிக்குள் பள்ளி வேன் வந்துவிடும். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து விழுவார். தூக்கம் போதாத பிள்ளை துள்ளும். அப்படிப்பட்ட வீட்டில் மாற வேண்டியது படுக்கும் நேரம்.

வயதும் கணக்கில் வரும். நம் மாநிலத்தில் ஐந்து வயது நிறைந்ததும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுகிறோம். அதே வகுப்பில் ஏறக்குறைய ஒரு வயது மூத்த பிள்ளையும் இருக்கும். அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ வயது வரம்பாக வைத்திருக்கும் மாநிலங்களின் கணக்கை எடுத்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகமாக ஏ.டி.எச்.டி. முத்திரை குத்தப்பட்டிருந்தது. வெறும் சின்ன வயது நோயாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே, மற்றவர்களைவிடச் சிறிய பிள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மாத்திரையில் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டியும் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோர் பயிற்சியைத்தான் சொல்கிறது.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். அதிகம் எழுதப்படுவது மெத்தில்பெனிடேட். நேற்று முளைத்த மருந்து இல்லை. 1937-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிள்ளைகளுக்கான மருத்துவமனை ஒன்றை நடத்திய சார்லஸ் பிராட்லி, மூளைப் படம் எடுக்கும் அந்தக் காலத்துக் கொடூரமான சோதனைக்குப் பின் வரும் தலைவலி தீரட்டும் என்று பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார். தலைவலிக்கு அது பெரிதாக உதவவில்லை. ஆனால் சில பிள்ளைகள் திடீரென்று பாடத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். பிறகு 30 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 14 பேரின் படிப்பில் வியக்கத்தக்க மாற்றம் தெரிந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தில்பெனிடேட்டை 1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் தயாரித்தார். மனைவி ரீட்டாவின் பெயரையொட்டி ரிட்டாலின் என்று அது விற்பனைக்கு வந்தது 1954-ல்.

மூளையில் டோபமின், நோரட்ரீனலின் என்ற இரண்டு பொருள்கள் செய்தி கடத்துகின்றன. அவை சுரந்த வேகத்தில் உறிஞ்சப்பட்டுவிடாமல் சற்று நேரம் நிற்கும்படி இந்த மருந்து செய்கிறது. சாதாரண மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி நான்கு மணி நேரம் போல நிற்கும். மெதுவாகக் கரையும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும். அன்றைக்குச் சாப்பிட்டால் அன்றைக்கு வேலை செய்யும், நிறுத்தினால் நின்றுவிடும். இது தூங்க வைக்கும் மாத்திரை என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை மந்தமாகி, சிரிப்பு மறைந்து, பொம்மை போல உட்கார்ந்தால் மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அளவு கூடிவிட்டது என்று பொருள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண்ணாடி போடுவது மாதிரிதான் இது என்று சொல்லி பெற்றோரைத் தேற்றும் வழக்கம் மருத்துவர்களிடம் உண்டு. நான் அப்படிச் சொல்வதில்லை. கண்ணாடி பசியைக் குறைக்காது. இரவில் தூக்கத்தைத் தள்ளிப் போடாது. இந்த மாத்திரை இரண்டையும் செய்யும். சில பிள்ளைகளுக்கு வயிற்று வலி, தலைவலி வரும். மருந்தின் வேகம் அடங்கும் சாயங்கால வேளையில் எரிச்சலும் அழுகையும் வரும். நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று ஏறும். அதனால்தான், தொடங்கும் முன் குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்கிறோம். கேட்காத மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். இதெல்லாம் முன்கூட்டித் தெரிந்தால் சமாளிக்கலாம். தெரியாமல் வந்தால் பயந்து மூன்றாம் நாளே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள்.

நான் அழுத்திச் சொல்ல வந்த விஷயத்தை இப்போது சொல்கிறேன். 1999-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. எம்.டி.ஏ. ஆய்வு என்பார்கள். ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான 579 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்து 14 மாதம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு ஆய்வாளர்களே கவனமாக மருந்து கொடுத்தார்கள். இரண்டாவது குழுவுக்கு மருந்தில்லாமல் பெற்றோர் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும் சேர்த்து. நான்காவது குழுவை அவரவர் ஊர் மருத்துவரிடமே விட்டுவிட்டார்கள். முடிவில், துடிப்பையும் கவனமின்மையையும் குறைப்பதில் மருந்துக் குழுவும் இரண்டும் சேர்ந்த குழுவும் மற்ற இரண்டையும் முந்தின.

பார்த்தீர்களா, மருந்துதான் வென்றது என்று அன்றைக்குப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் ஊர் மருத்துவரிடம் விடப்பட்ட நான்காவது குழுவைக் கவனியுங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மருந்து சாப்பிட்டவர்கள்தான். பெரும்பாலும் அதே மெத்தில்பெனிடேட். ஒரே மருந்து எப்படி ஒரு குழுவுக்கு நன்றாகவும் மற்றொன்றுக்குச் சுமாராகவும் வேலை செய்யும்? ஆய்வாளர்கள் முதல் 28 நாளும் அளவை மாற்றி மாற்றிக் கொடுத்து, நடுநடுவே வெறும் மாத்திரையையும் வைத்து, எந்த அளவு இந்தப் பிள்ளைக்குப் பொருந்துகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு மாதா மாதம் அரை மணி நேரம் பெற்றோரோடு உட்கார்ந்து பேசினார்கள். ஆசிரியரிடம் நிலவரம் கேட்டார்கள். தேவைப்பட்டால் அளவைத் திருத்தினார்கள். நான்காவது குழுவுக்கு இந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. எழுதிக் கொடுத்ததைச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே என் பார்வையில், மாத்திரை கொடுக்கலாமா என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. கொடுத்த பின் மாதா மாதம் பார்த்துக்கொள்ள நம்மால் முடியுமா? முடியும் என்றால் தயங்காமல் முயன்று பாருங்கள். முடியாது என்றால் மாத்திரையைத் தொடங்கும் முன் அதற்கு ஒரு வழி செய்யுங்கள். பார்க்க ஆளில்லாத மாத்திரை பாதி மருந்துதான்.

இதே ஆய்வில் இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது. மூன்று வருடம் கழித்து அதே பிள்ளைகளைப் பார்த்தபோது நான்கு குழுக்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆய்வுக் காலம் முடிந்ததும் சிலர் மருந்தை நிறுத்தினார்கள், சிலர் புதிதாகத் தொடங்கினார்கள். கவனிப்பும் பழையபடி ஆயிற்று. மாத்திரை இன்றைய பொழுதைச் சீராக்கும்; பத்து வருடம் கழித்து நிகழப்போவதற்கு அது உத்தரவாதம் தராது. தொடர்ந்து சாப்பிட்ட பிள்ளைகள் மூன்று வருடத்தில், சாப்பிடாத பிள்ளைகளைவிடச் சுமார் 2 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்திருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கு ஆதரவாக 2018-ல் 133 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த லான்செட் சைக்கியாட்ரி கட்டுரை, பிள்ளைகளுக்கு மெத்தில்பெனிடேட்டை முதல் தேர்வாகச் சொன்னது. அதற்கு மூன்று வருடம் முன்னால் 185 சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு, பலன் தெரிகிறது, ஆனால் சான்றுகளின் தரம் தாழ்ந்தது என்று எச்சரித்தது. இரண்டையும் படித்த பின்பும் நான் மருந்தை எழுதுகிறேன். அந்த எச்சரிக்கையைப் படித்ததால்தான் திரும்பத் திரும்ப வந்து காட்டச் சொல்கிறேன்.

அப்படியானால் யாருக்கு எழுதுகிறேன்? ஆறு வயதைத் தாண்டிய பிள்ளை. வீட்டிலும் பள்ளியிலும் செய்யக்கூடிய மாற்றங்களைச் செய்து பார்த்தாயிற்று. ஆனாலும் பிள்ளை தினமும் அடிபடுகிறது, திட்டு வாங்குகிறது, கூட விளையாட யாரும் சேர்ப்பதில்லை, ரோட்டில் பார்க்காமல் குறுக்கே ஓடுகிறது, தனக்கு ஒன்றும் வராது என்று அழுகிறது. இந்தப் பிள்ளைக்கு மருந்து மறுப்பது சரியில்லை. ரோட்டில் ஓடுவதைச் சும்மா சொல்லவில்லை. டென்மார்க்கில் லட்சக்கணக்கானவர்களின் பதிவேடுகளைப் பார்த்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் இளம் வயதில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. பெரும்பாலும் விபத்துகள். மொத்த எண்ணிக்கையில் அது சிறியதுதான். ஆனாலும் ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்ற ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடும் விஷயம் அது இல்லை. ஸ்வீடனில் 25,656 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த 2012-ம் வருட ஆய்வில், மருந்து எடுத்துக்கொண்ட காலங்களில் ஆண்கள் குற்றங்களில் சிக்குவது 32 சதவீதம் குறைந்திருந்தது.

யாருக்கு எழுத மறுக்கிறேன் என்பதையும் கேளுங்கள். 85 வாங்கும் பிள்ளையை 95 வாங்க வைப்பதற்கு எழுத மாட்டேன். பொதுத் தேர்வு மூன்று மாதத்தில் வருகிறது என்பதற்காக எழுத மாட்டேன். மாத்திரை போட்டு அனுப்பினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று பள்ளி கறாராகச் சொல்கிறது என்பதற்காக மட்டும் எழுத மாட்டேன். வீட்டில் சண்டையும் குடியும் இருக்கும்போது பிள்ளையை மட்டும் மாத்திரையால் அடக்கச் சொன்னால் எழுத மாட்டேன். அந்த வீட்டில் வைத்தியம் வேறு ஆளுக்கு.

அடிமையாகிவிடுவானா என்று கேட்காத அப்பா இல்லை. நியாயமான பயம், ஊக்க மருந்து என்ற பெயரே பயமுறுத்துகிறது. மருந்து எடுத்துக்கொண்ட பிள்ளைகளையும் எடுக்காத பிள்ளைகளையும் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்த 15 ஆய்வுகளை 2013-ல் தொகுத்தார்கள். மருந்தால் பின்னாளில் போதைப் பழக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் மாத்திரை டப்பா பெரியவர்கள் கையில், பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் அண்ணன் பரீட்சைக்கு விழித்திருக்க எடுத்துக்கொள்வதற்கு அது காபி இல்லை.

இந்தப் பயத்தைச் சட்டமும் அறிந்திருக்கிறது. மெத்தில்பெனிடேட் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. 1985-ம் வருடப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வருகிறது. மருத்துவர் சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். தனி உரிமம் உள்ள கடையில்தான் விற்கலாம். கட்டுப்பாடு தேவைதான். அதன் விளைவு என்னவென்று இந்த ஊரிலிருந்து பார்த்தால்தான் தெரியும். எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காத மருந்துக்காக ஒரு தாய் பாண்டிச்சேரிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறாள். முந்திரி உடைக்கும் வேலையில் அன்றைய கூலி போகிறது. இரண்டு மாதம் தாக்குப் பிடிக்கிறாள், மூன்றாம் மாதம் பலா சீசன், வேலை நெருக்கம், மாத்திரை நின்றுவிடுகிறது. பிறகு மருத்துவர் அவளைப் பொறுப்பில்லாதவள் என்கிறார். எனக்கு அது பொறுக்கவே மாட்டேன் என்கிறது. இந்த வகை மருந்து கிடைக்காதபோதோ ஒத்துக்கொள்ளாதபோதோ அட்டோமாக்ஸெட்டின் என்ற வேறு மருந்து இருக்கிறது. அது எக்ஸ் அட்டவணையில் இல்லை. ஆனால் அதன் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், பொறுமை வேண்டும். பிள்ளையின் மனநிலை சோர்ந்துபோகிறதா, சாவைப் பற்றிப் பேசுகிறதா என்று தொடக்கத்தில் கூர்ந்து பார்க்கவும் வேண்டும்.

மருந்து கொடுப்பது என்று முடிவு செய்தவர்கள் எப்படிக் கொடுப்பது? தொடங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். என்ன மாற வேண்டும் என்று இரண்டு மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள். ‘நல்ல பிள்ளையாக வேண்டும்’ என்று எழுதினால் அளக்க முடியாது. ‘வீட்டுப்பாடம் அரை மணியில் முடிய வேண்டும்’, ‘வாரத்தில் ஒரு சண்டைக்கு மேல் வரக்கூடாது’ என்று எழுதுங்கள். எடையையும் உயரத்தையும் குறித்து வைத்து, எடையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து எழுதுங்கள். சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதே முறை. முதல் மாத முடிவில் நோட்டைத் திறந்து பாருங்கள். எழுதிய விஷயங்கள் மாறியிருந்தால் தொடருங்கள். மாறவில்லை என்றால் அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம், நிறுத்தவும் செய்யலாம். வருடத்துக்கு ஒரு முறையாவது மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்திப் பார்த்து, இன்னும் தேவையா என்று கேளுங்கள். தொடங்கினால் ஆயுள் முழுக்க என்று யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

சாப்பாட்டு விஷயம் சின்னதாகத் தோன்றும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் மருந்து நின்றுபோவது இதனால்தான். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட பின் மாத்திரை. 2023 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவு எல்லா மாவட்டத்திலும் கிடைக்கிறது. வீட்டிலேயே மாத்திரையைப் போட்டு அனுப்பினால் அந்த உப்புமாவைப் பிள்ளை தொடாது. ஆசிரியர்கள் மனம் வைத்தால் சாப்பிட்ட பின் கொடுக்கலாம். மத்தியானம் சத்துணவு இறங்காது, அதற்காக அடிக்காதீர்கள். மாலையில் மருந்து இறங்கியதும் பசி வரும். அப்போது நன்றாகக் கொடுங்கள். முட்டை, வேர்க்கடலை, சுட்ட பலாக்கொட்டை, ஒரு கை முந்திரி. முந்திரி விளையும் ஊரில் பிள்ளை இளைக்கலாமா?

மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. அதுவும் பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்து. செய்ததும் அந்த நொடியிலேயே பாராட்டு. சனிக்கிழமை சைக்கிள் என்ற வாக்குறுதி இந்தப் பிள்ளையிடம் செல்லாது, அதற்குச் சனிக்கிழமை வெகு தூரம். பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக்கி, நடுவில் எழுந்து ஓட விடுங்கள். அடி மட்டும் வேண்டாம். பள்ளியில் அடிப்பது 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி தடை செய்யப்பட்டது. வீட்டில் தடுக்கச் சட்டம் வராது. நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

கயிறு கட்டுவதையும் மந்திரிப்பதையும் நான் தடுப்பதில்லை. உங்கள் மனம் ஆறட்டும். ஆனால் அதற்காக ஒரு வருடம் காத்திருக்காதீர்கள். பிள்ளையின் மூன்றாம் வகுப்பு திரும்பி வராது. குலத்துக்கு இழுக்கு என்று மறைக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். பக்கத்தில் திருவதிகை இருக்கிறது. சூலை நோயில் துடித்து, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து இரவோடு இரவாக வந்து விழுந்த தம்பியைத் திலகவதியார் குற்றம் சாட்டவில்லை. ஏன் போனாய் என்று கேட்கவில்லை. வலியைத்தான் பார்த்தார், எழுப்பி நிறுத்தினார். அந்த ஊர்க்காரர்கள் நாம்.

பிள்ளையிடமும் பேச வேண்டும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும். பாலில் கலக்காதீர்கள், தெரியவரும் நாளில் உங்களை நம்பாது. ‘நீ கெட்ட பிள்ளை இல்லை, உனக்குக் கவனத்தைப் பிடித்து வைப்பது மற்றவர்களைவிடக் கஷ்டமாக இருக்கிறது, இது உதவுகிறதா என்று சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். எப்படி இருக்கிறது என்று அதனிடமே கேளுங்கள். வகுப்பில் டீச்சர் சொல்வது இப்போது முழுசாகக் காதில் விழுகிறது என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. எனக்கு என்னையே பிடிக்கவில்லை, மாத்திரை வேண்டாம் என்ற பிள்ளையும் உண்டு. இரண்டையும் ஒரே மரியாதையோடு கேட்டுத்தான் நான் முடிவு செய்கிறேன்.

அரசு வழிகளும் இருக்கின்றன. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பள்ளிக்கே வந்து பரிசோதிக்க வேண்டிய 30 குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. அங்கிருந்து மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர், சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் நம் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி, வேலூரில் சி.எம்.சி. இருக்கின்றன. ஆனால் 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. ஆகவே கூடவே கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று கட்டாயம் பரிசோதியுங்கள். இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும்.

ஆசிரியர்களே, மருத்துவர் அனுப்பும் கேள்வித்தாளை ஐந்து நிமிடம் ஒதுக்கி உண்மையாக நிரப்பிக் கொடுங்கள். பிள்ளை உங்களோடுதான் பகல் முழுக்க இருக்கிறது; மருந்தின் அளவு உங்கள் பேனா முனையில் இருக்கிறது. அப்பாக்களே, என் அறைக்குப் பெரும்பாலும் அம்மாக்கள் தனியாகத்தான் வருகிறார்கள். மாதத்தில் ஒரு நாள் ஷிப்டை மாற்றிக்கொண்டு நீங்களும் வாருங்கள். பண்ருட்டி அரசு மருத்துவமனையிலேயே மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்தப் பிள்ளைகளுக்கென்று மனநல மருத்துவர் உட்கார வேண்டும், மருந்தும் அங்கேயே கிடைக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.